அரிய மான்களைத் தேடி

ஆப்பிரிக்கா என்றதும் நம் மனக்கண்முன் வந்து நிற்பவை சிங்கமும் யானையுமே. அங்கே காடு காணச் செல்வோரும் பெரும்பாலும் இவற்றையே நாடிச் செல்கின்றனர். சிங்கம், சிறுத்தை, யானை, காண்டாமிருகம், காட்டெருமை ஆகிய ஐந்தையும் பார்த்துவிட்டால் வந்த காரியம் முடிந்தது என்று எண்ணுகின்றனர். வழியெல்லாம் மேய்ந்து நிற்கும் மான்களைக் கண்டு, "மான்தானே!" என்று சொல்லி வண்டியை நிறுத்தாமலே கடந்து விடுவோர் பலர்.

அப்படிக் கடந்து போகும்போது எதை இழக்கிறோம் என்பதை நாம் சற்று எண்ணிப் பார்க்க வேண்டும். ஆப்பிரிக்காவில் இன்றும் பல்லாயிரம் சிங்கங்கள் உள்ளன. ஆனால் ஹிரோலா என்னும் ஒருவகை மான் உலகம் முழுவதிலும் ஐந்நூறுக்கும் குறைவாகவே எஞ்சியுள்ளது. அதன் பெயரைக்கூட நம்மில் பெரும்பாலோர் கேட்டதில்லை. பெயர் தெரியாத ஒன்று மறைந்து போனால் அதற்காக வருந்துவார் யார்?

'சபாரி' என்பது சுவாஹிலி மொழிச் சொல். 'பயணம்' என்பது அதன் பொருள். நாமும் இக்கட்டுரையின் வழியே ஒரு சபாரி சென்று, ஆப்பிரிக்காவின் அரிய மான்கள் எவை, அவை எங்கே வாழ்கின்றன, அவற்றை எவ்வாறு கண்டுகொள்வது, அவை ஏன் அரியவையாயின என்பவற்றை அறிந்து வருவோம்.

மானும் மறிமானும்

முதலில் ஒரு தெளிவு வேண்டும். நாம் பொதுவாக மான் என்று அழைப்பவற்றுள் இரு குடும்பங்கள் உண்டு. சென்னை கிண்டி தேசியப் பூங்காவுக்குச் சென்றவர்கள் புள்ளிமானையும் வெளிமானையும் அருகருகே பார்த்திருக்கலாம். புள்ளிமானின் கொம்பு மரக்கிளைபோல் கிளைத்திருக்கும். உதிர்ந்து மீண்டும் முளைக்கும். வெளிமானின் கொம்போ முறுக்கிய கோல்போல நீண்டிருக்கும், கிளைப்பதில்லை, உதிர்வதுமில்லை. உள்ளே எலும்பும் மேலே உறையுமாக, நம் வீட்டு ஆடு மாடுகளின் கொம்பைப் போன்றே அது அமைந்துள்ளது. இந்த இரண்டாம் வகையையே மறிமான் என்கிறோம். உண்மையில் மறிமான்கள் ஆடு மாடுகளின் நெருங்கிய உறவினரே.

உலகில் ஏறத்தாழ 90 வகை மறிமான்கள் உள்ளன. அவற்றுள் பெரும்பாலானவற்றின் தாயகம் ஆப்பிரிக்காவே. கிளைத்த கொம்புடைய மான் இனத்தில், ஆப்பிரிக்க மண்ணுக்கே உரியது ஒன்றே ஒன்றுதான். அதுவும் வடகோடியில் அல்ஜீரியா, துனிசியா நாடுகளில் வாழ்கிறது. ஆகவே சபாரியில் நாம் காணும் 'மான்' எல்லாம் மறிமானே. எளிமை கருதி இனி மான் என்றே குறிப்பிடுவோம்.

இவற்றின் வேறுபாடுகள்தாம் எத்தனை! மேற்கு ஆப்பிரிக்கக் காடுகளில் முயலளவே உள்ள ஒரு மான் உண்டு. அதன் தோள் உயரம் ஓர் அடிக்கும் குறைவு. எலாண்ட் என்னும் மானோ நம் ஊர் எருதையும் விஞ்சும். நன்கு வளர்ந்த ஆண் 900 கிலோ எடையைக்கூட எட்டும்.

அரியவை மூவகை

'அரிய மான்' என்று சொல்லும்போது அதில் மூன்று பொருள் அடங்கியிருப்பதை நாம் உணர வேண்டும்.

முதலாவது, எண்ணிக்கையில் மிகக் குறையாவிட்டாலும் ஒளிந்து வாழ்வதால் கண்ணில் படாதவை. இரண்டாவது, ஒரு மலையிலோ ஒரு பள்ளத்தாக்கிலோ மட்டும் வாழ்பவை. அவ்விடத்துக்குச் சென்றால் காண்பது எளிது; வேறெங்கு தேடினாலும் கிடைக்கா. மூன்றாவது, ஒரு காலத்தில் பல்லாயிரமாகத் திரிந்து, பின்னர் மனிதரின் செயலாலும் நோயாலும் அருகிப் போனவை.

முதல் வகையைக் காணப் பொறுமை வேண்டும். இரண்டாம் வகையைக் காண இடம் அறிய வேண்டும். மூன்றாம் வகையைக் காணக் காலம் தாழ்த்தாதிருக்க வேண்டும்! ஒவ்வொரு வகையாகப் பார்ப்போம்.

நீரில் மறையும் மான்

கென்யா நாட்டின் மேற்கில் கிடாலே என்ற ஊருக்கு அருகே சாய்வா சதுப்புநிலத் தேசியப் பூங்கா இருக்கிறது. கென்யாவின் தேசியப் பூங்காக்களுள் இதுவே மிகச் சிறியது. பரப்பளவு ஏறத்தாழ 3 சதுர கிலோமீட்டர்தான். இங்கு சிங்கம் இல்லை, யானை இல்லை. பின் எதற்காக 1974-ஆம் ஆண்டில் இதைத் தேசியப் பூங்கா ஆக்கினார்கள்? சிடடுங்கா என்னும் ஒரு மானுக்காகவே.

சிடடுங்கா சேற்றிலும் கோரைப் புல்லிலும் வாழ்வது. அதன் குளம்புகள் நீண்டு, விரல் விரித்தாற்போல் அகன்றிருக்கும். அதனால் சேற்றில் அமிழாமல் நடக்கும். அதையே கெட்டியான தரையில் ஓடவிட்டால் தடுமாறும். பகைவர் வந்தால் அது ஓடுவதைவிட ஒளிவதையே விரும்பும். நீருக்குள் உடல் முழுவதையும் அமிழ்த்தி, மூக்கை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டு அசையாது நிற்கும். அருகில் இருப்போருக்கும் அது கண்ணில் படாது.

இப்பூங்காவில் வண்டி கிடையாது. நடந்து சென்று, மரத்தாலான பரண்மீது ஏறி அமர்ந்து காத்திருக்க வேண்டும். விடியற்காலையும் மாலையுமே தக்க நேரம். கோரை அசைகிறது, காற்றா, மானா என்று ஐயுறும் அந்த வேளையில்தான் பொறுமையின் பயன் தெரியும்.

மூங்கில் காட்டுப் பாங்கோ

ஒளிந்து வாழ்வதில் சிடடுங்காவுக்கு அண்ணன் என்று மலைப் பாங்கோவைச் சொல்லலாம். கென்யாவின் அபர்டேர் மலைத்தொடர், கென்யா மலை போன்ற உயர்ந்த காடுகளே இதன் உறைவிடம். 1952-ஆம் ஆண்டு பிப்ரவரியில் எலிசபெத் இளவரசியார் ஒரு மரவீட்டில் தங்கி விலங்குகளைப் பார்த்துக்கொண்டிருந்த இரவில் தந்தையார் மறைய, அவர் அரசியானார் என்று படித்திருக்கிறோம் அல்லவா? அந்த மரவீடு இருந்தது இந்த அபர்டேர் காட்டில்தான்.

பாங்கோ செம்பழுப்பு நிறமுடையது. உடலின் குறுக்கே வெள்ளைக் கோடுகள் பத்துப் பன்னிரண்டு செங்குத்தாக இறங்கும். வெட்டவெளியில் நிறுத்தினால் இதைவிடப் பளிச்சென்ற மான் இல்லை. ஆனால் மூங்கிலின் இடையே வெயில் கீற்றுக் கீற்றாக விழும்போது அந்தக் கோடுகளே அதற்குப் போர்வையாகி விடுகின்றன. அழகு என்று நாம் நினைப்பது அதற்குப் பாதுகாப்பு!

அதே காட்டில் புஷ்பக் என்னும் சிறிய மானும் உண்டு. அதன் உடலிலும் வெண்கோடும் புள்ளியும் இருக்கும். புதியவர்கள் புஷ்பக்கைப் பார்த்துப் பாங்கோ என்று மகிழ்ந்து விடுவது உண்டு. வேறுபாடு காண்பது எளிது. பாங்கோ மாட்டைப்போல் பருத்தது. ஆண், பெண் இரண்டுக்கும் கொம்பு உண்டு. புஷ்பக் ஆட்டைவிடச் சற்றே பெரியது. பெண்ணுக்குக் கொம்பு இல்லை.

மலைப் பாங்கோ நாம் சொன்ன மூன்றாம் வகையிலும் சேர்ந்து விட்டது என்பதுதான் வருத்தம். வேட்டை நாய்களை ஏவிப் பிடித்தும், காட்டை வெட்டியும் அதைக் குறைத்து விட்டனர். இன்று இயற்கையான காட்டில் எஞ்சியவை நூற்றுக்கும் குறைவு. ஆனால் 1960-களிலும் 1970-களிலும் இம்மலைகளிலிருந்து பிடிக்கப்பட்டு அமெரிக்க விலங்குக் காட்சிசாலைகளுக்கு அனுப்பப்பட்டவற்றின் வழித்தோன்றல்கள் அங்கே நலமாக இருந்தன. 2004-ஆம் ஆண்டில் அவற்றுள் 18 பாங்கோக்கள் விமானமேறித் தாய்நாடு திரும்பின. அவற்றின் சந்ததி கென்யா மலையடிவாரத்தில் வளர்க்கப்பட்டு, 2022-ஆம் ஆண்டு முதல் சிறிது சிறிதாக வேலியிட்ட இயற்கைக் காட்டில் விடப்படுகிறது.

காணும் கலை

மான் காண்பது ஒரு கலை. பழகினால் யாவருக்கும் கைவரும். அதற்குச் சில வழிகளைத் தொகுத்துக் கொள்வோம்.

நேரம் முதன்மையானது. உச்சிவெயிலில் மான்கள் நிழலில் படுத்து அசைபோடும். கதிரவன் எழும் வேளையிலும் சாயும் வேளையிலும் மேய வரும். மழைக்காலத்தில் புல் உயர்ந்து மான்களை மறைத்து விடும். வறண்ட மாதங்களில் நீர்நிலையருகே அவை கூடும். உவர்மண்ணை நக்க வரும் இடங்களும் காத்திருக்க ஏற்றவை.

அடுத்து, முழு மானைத் தேடக் கூடாது. துடிக்கும் ஒரு காது, விசிறும் ஒரு வால், இலைகளுக்கிடையே மின்னும் ஈரமூக்கு இவற்றையே தேட வேண்டும். மரங்கள் எல்லாம் செங்குத்தாக நிற்கும் காட்டில் படுக்கைவாட்டமான ஒரு கோடு தெரிந்தால் அது பெரும்பாலும் ஒரு விலங்கின் முதுகே. புதரைப் பார்ப்பதைவிடப் புதருக்கு ஊடே பார்க்கப் பழக வேண்டும்.

கண்ட பின்பு அது எந்த மான் என்று அறிய ஐந்து கேள்விகள் போதும். கொம்பு நேரா, வளைவா, முறுக்கா? பெண்ணுக்கும் கொம்பு உண்டா? முகத்தில் என்ன குறி? பின்புறமும் வாலும் என்ன நிறம்? நிற்கும் இடம் புல்வெளியா, புதரா, சேறா? இவற்றை ஒரு குறிப்பேட்டில் எழுதிக்கொள்வது நினைவாற்றலை நம்புவதைவிட நல்லது.

நிறைவாக, அடக்கம் வேண்டும். பளிச்சென்ற ஆடையும் உரத்த பேச்சும் ஆகா. அருகில் செல்லும்படி ஓட்டுநரை வற்புறுத்துவதோ, தடம் விட்டு வண்டியை இறக்கச் சொல்வதோ தவறு. மிரண்டு ஓடும் தாய்மான் தன் கன்றைப் பிரிய நேரிடலாம். சுவாஹிலியில் 'ஹராகா ஹராகா ஹைனா பராகா' என்று ஒரு பழமொழி உண்டு. அவசரத்தில் ஆசி இல்லை என்பது அதன் கருத்து. 'பதறாத காரியம் சிதறாது' என்று நம் பெரியோர் சொன்னதும் அதுதானே!

இடம் அறிந்தால் எளிது

இனி இரண்டாம் வகைக்கு வருவோம். கென்யாவின் வட எல்லையைக் கடந்தால் எத்தியோப்பியா. அந்நாட்டின் பாலே மலைகளில் மலை நியாலா என்னும் மான் வாழ்கிறது. ஆணுக்கு மட்டும் திருகிய பெரிய கொம்புகள் உண்டு. சாம்பல் கலந்த பழுப்பு உடலில் வெண்புள்ளிகள் சில காணப்படும். இவ்வளவு பெரிய மான், அறிவியல் உலகுக்கு 1910-ஆம் ஆண்டில்தான் அறிமுகமாயிற்று. எத்தியோப்பியாவைத் தவிர வேறெங்கும் இது இல்லை. ஆயினும் பாலே மலைத் தேசியப் பூங்காவில் டின்ஷோ என்ற இடத்துக்குச் சென்றால், சிறிது தூரம் நடந்தே இதைக் கண்டு வரலாம்.

மீண்டும் கென்யாவுக்குத் திரும்பினால், மொம்பாசா நகருக்குத் தெற்கே, கடலை நோக்கிய ஷிம்பா குன்றுகளில் சேபிள் மான்கள் உள்ளன. ஆண் கன்னங்கரேலென்று இருக்கும்; கொம்புகள் பின்னோக்கி வளைந்த வாள் போன்றவை. தென்னாப்பிரிக்க நாடுகளில் சேபிளைப் பல இடங்களில் காணலாம். கென்யாவிலோ இக்குன்றுகளைத் தவிர வேறு புகலிடம் அதற்கில்லை.

அவ்வாறே கென்யாவில் ரோன் என்னும் மானின் கடைசிப் புகலிடம் விக்டோரியா ஏரிக்கு அருகே உள்ள ரூமா தேசியப் பூங்கா. உறக்க நோயைப் பரப்பும் செட்சி ஈக்கள் அப்பள்ளத்தாக்கில் மிகுதி. அதனால் மக்கள் அங்கே குடியேறத் தயங்கினர், மான்கள் பிழைத்தன. மனிதர் வெறுத்த ஈ, மானுக்குக் காவலாயிற்று! ஆனால் இன்று அங்கே எஞ்சியிருப்பது ஒரு சிறு கூட்டமே.

நான்கு கண் மான்

இப்போது நாம் தொடக்கத்தில் சொன்ன ஹிரோலாவிடம் வருவோம். கென்யாவும் சோமாலியாவும் சந்திக்கும் வறண்ட புல்வெளியே இதன் தாயகம். மணல் நிற உடல், யாழ்போல் வளைந்த கொம்புகள், வெண்ணிற வால். இரு கண்களையும் இணைத்து நெற்றியில் ஒரு வெள்ளைக் கோடு மூக்குக்கண்ணாடி போட்டாற்போல் செல்லும். கண்களுக்குக் கீழே கருமையான சுரப்பிகள் உண்டு. அவை விரியும்போது இன்னும் இரண்டு கண்கள் போலத் தோன்றுவதால் 'நான்கு கண் மான்' என்ற பெயரும் இதற்கு வழங்குகிறது.

1970-களில் ஹிரோலாக்கள் பத்தாயிரத்துக்கும் மேல் இருந்தன. 1980-களில் வெக்கை நோய் கால்நடைகளிடையே பரவி, இவற்றையும் தொற்றியது. சில ஆண்டுகளுக்குள் பெரும்பகுதி மடிந்தது. அந்த வெக்கை நோய் 2011-ஆம் ஆண்டில் உலகிலிருந்தே ஒழிக்கப்பட்டது. பெரியம்மைக்குப் பிறகு மனிதர் முற்றிலும் ஒழித்த இரண்டாவது நோய் அதுவே. நோய் போயிற்று, ஆனால் ஹிரோலா பெருகவில்லை. ஏன்?

இங்கேதான் இயற்கையின் கணக்கு நமக்குப் புலப்படுகிறது. தந்தத்துக்காக அப்பகுதியின் யானைகளைக் கொன்று விட்டனர். யானைகள் இருந்தவரை இளமரங்களைத் தின்றும் சாய்த்தும் புல்வெளியைப் புல்வெளியாகவே வைத்திருந்தன. யானை போனதும் மரங்கள் பெருகின, புல் குறைந்தது, புல்லையே நம்பிய ஹிரோலா தவித்தது. யானைமீது பாய்ந்த குண்டு மானையும் கொன்றது எனலாம். மரம் வளர்வது எங்கும் நன்மையே என்று நாம் நினைக்கிறோம். எந்த மண்ணுக்கு எது உரியது என்பதை அறிவதே உண்மையான இயற்கை அறிவு.

ஹிரோலாவைக் காக்க 1963-ஆம் ஆண்டில் ஒரு கூட்டத்தைக் கிழக்கு சாவோ தேசியப் பூங்காவுக்குக் கொண்டுபோய் விட்டனர். அது பிழைத்தது, இன்று சபாரி செல்வோர் இந்த மானைக் காண எளிதில் செல்லக்கூடிய இடம் அதுவே. 1996-ஆம் ஆண்டில் மேலும் சிலவற்றைக் கொண்டு செல்ல முயன்றபோது, தாயகத்து மக்கள் நீதிமன்றம் சென்று எதிர்த்தனர். தம் மண்ணின் மான் தம்மிடமே இருக்க வேண்டும் என்பது அவர்கள் வாதம். அவர்கள் மாடு மேய்க்கும் எளிய சோமாலியர். வாதத்தோடு நில்லாது, இஷாக்பினி என்ற இடத்தில் தாமே ஒரு காப்பகம் அமைத்தனர். 2012-ஆம் ஆண்டில் அங்கே சிங்கமும் கழுதைப்புலியும் புகாத வேலியிட்டு, 48 ஹிரோலாக்களை உள்ளே விட்டனர். அவை அங்கே பெருகின.

உலகில் ஹிரோலாவின் பேரினத்தில் எஞ்சியது இது ஒன்றே. இதற்கு அண்ணன் தம்பி இல்லை. இது மறைந்தால் ஒரு வீட்டில் ஒருவர் மறைந்ததாக ஆகாது, வீடே மூடப்பட்டதாகும்.

போனதும் மீண்டதும்

அப்படி ஒன்று முற்றிலும் போனது உண்டா? உண்டு. ஆப்பிரிக்காவின் தென்முனையில் நீலமான் என்று ஒன்று வாழ்ந்தது. 1766-ஆம் ஆண்டில் அதற்கு அறிவியல் பெயர் சூட்டினர். 1800-ஆம் ஆண்டையொட்டி, குடியேறிய ஐரோப்பியரின் துப்பாக்கிக்கு அதன் கடைசி மானும் இரையாயிற்று. பெயரிட்டு ஒரு தலைமுறைகூட நன்றாகக் கழியவில்லை. இன்று ஐரோப்பிய அருங்காட்சியகங்களில் அதன் பாடம் செய்த உடல்களும் எலும்புகளும் சிலவே உள்ளன.

அதே தென்முனையில் போன்டெபாக் என்னும் மானும் அழியவிருந்தது. 1931-ஆம் ஆண்டில் 17 மான்களே எஞ்சிய நிலையில் அவற்றுக்கென்றே ஒரு பூங்கா அமைத்தனர். இன்று அவை ஆயிரக்கணக்கில் உள்ளன. பதினேழு எங்கே, ஆயிரம் எங்கே!

அங்கோலா நாட்டில் பெருங்கொம்புச் சேபிள் அந்நாட்டின் சின்னமாகவே விளங்குகிறது. 1975-இல் தொடங்கி 2002 வரை நீடித்த உள்நாட்டுப் போரில் அது அழிந்தே விட்டது என்று பலர் அஞ்சினர். பெட்ரோ வாஸ் பின்டோ என்னும் ஆய்வாளர் காட்டில் தானியங்கிக் கேமராக்களைப் பொருத்திக் காத்திருந்தார். 2005-ஆம் ஆண்டில் அக்கேமராக்களில் அம்மானின் உருவம் பதிந்தது. ஆனால் கங்கண்டாலா பூங்காவில் இருந்த கூட்டத்தில் ஆண்மானே இல்லை! 2009-ஆம் ஆண்டில் வேறு காட்டிலிருந்து ஓர் ஆண்மானைக் கொண்டுவந்து சேர்த்தனர். கூட்டம் மீண்டும் தழைக்கத் தொடங்கியது.

சகாரா பாலைவனத்தின் ஓரத்தில் வாழ்ந்த வளைகொம்பு ஆரிக்ஸ் 2000-ஆம் ஆண்டில் இயற்கையில் அழிந்துவிட்டதாக அறிவிக்கப்பட்டது. காட்சிசாலைகளிலும் காப்பகங்களிலும் மட்டும் அது எஞ்சியிருந்தது. அபுதாபியில் வளர்க்கப்பட்ட ஆரிக்ஸ்களை 2016-ஆம் ஆண்டு முதல் சாட் நாட்டில் விட்டனர். அவை அங்கே கன்றீன்று பெருகின. 2023-ஆம் ஆண்டில் 'இயற்கையில் அழிந்தது' என்னும் பட்டியலிலிருந்து அதன் பெயர் நீக்கப்பட்டது.

நமக்கு என்ன?

இவற்றையெல்லாம் படிக்கும் நம்மில் சிலர், "ஆப்பிரிக்க மானால் நமக்கு ஆவதென்ன?" என்று கேட்கலாம். நம்மில் எத்தனை பேருக்கு அங்கே செல்லும் வாய்ப்புக் கிட்டும் என்பதும் ஐயமே. ஆயினும் மேலே கண்ட கதைகளில் ஓர் உண்மை மறைந்திருக்கிறது. நீலமானின் எண்ணிக்கை குறைந்து வருவதை எவரும் பொருட்படுத்தவில்லை, அது போயிற்று. போன்டெபாக்கில் 17 மட்டுமே உள்ளன என்று சிலர் எண்ணிப் பார்த்துச் சொன்னார்கள், அது பிழைத்தது. ஹிரோலாவைத் தம்முடையது என்று மாடு மேய்ப்போர் உரிமை கொண்டாடினர். அது இன்னும் போராடிக்கொண்டிருக்கிறது.

காப்பாற்றுவதற்கு முதற்படி காண்பது. காண்பதற்கு முதற்படி பெயர் அறிவது. "மான்தானே!" என்று சொல்லும் வாய்க்கு "ஹிரோலா" என்று சொல்லத் தெரிந்துவிட்டால், அந்த ஐந்நூறுக்கும் குறைவான மான்களுக்கு இன்னும் ஒருவர் தெரிந்தவராகி விடுகிறார். இன்று இப்பக்கத்தைப் படித்து முடிக்கும் மாணவியருள் ஒருவர், நாளை விலங்கியல் பயின்று அப்புல்வெளியில் கேமராவுடன் காத்திருக்கக் கூடும். அதுவரை அம்மான்கள் அங்கே இருக்க வேண்டுமே என்பதுதான் நம் விருப்பம்.